பன்னிரண்டாம் புத்தகத்தில் எழுபது வளைவுகள்

கண்ணுகளா,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் ரெண்டு பேரும் போட்ட சண்டையில் மூன்று தோசை கருகிப்போனது. உங்களைப் பிரித்துவிட அம்மா அடுப்பை விட்டு வந்ததால் கருகிய தோசை அது. சண்டை எதற்கு? போனில் இப்போது வருகிற புது ‘பால்வெளிப் படகு’தான் சரி என்கிறாள் பெரியவள். அந்தக் காலத்துப் படக்கதைப் புத்தகத்தில் இருந்ததுதான் சரி, மற்றதெல்லாம் பின்னால் வந்தவர்கள் இஷ்டத்துக்கு மாற்றியது என்கிறான் சின்னவன். “பாய் இல்லாத படகு ஒரு படகா?” என்று அவன் கேட்க, “பாய் கட்டிக்கிட்டுப் போனா சனிக்கு எப்பப் போய்ச் சேர்றது?” என்று அவள் கேட்க, கடைசியில் ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பி, “அப்பா, நீங்களே சொல்லுங்க, எது நெசம்?” என்றீர்கள்.

நான் முதலில் சாப்பிடச் சொல்லிவிட்டு நழுவிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. இதே சண்டையை உங்கள் வயசில் போட்டு, பதினோரு புத்தகத்தைப் பந்தயம் கட்டியவன் நான். அதை வாயால் சொன்னால் பாதியிலேயே நீங்கள் மறுபடி அடித்துக்கொள்வீர்கள். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து இப்படித்தான் இருக்கும். என் வயசுக்காரர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், நீங்களும் முட்டிவலியை மறந்து கொஞ்ச நேரம் உட்காருங்கள். உங்களுக்கும் அந்தப் படகு தெரிந்திருக்கும்.

அப்போது நாங்கள் கொல்லிமலையில், செம்மேட்டில் இருந்தோம். சொந்த ஊர் கீழேதான், காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம். அப்பாவுக்கு மலை ரோட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை. மழையில் உருண்டு விழுகிற கல்லை ஒதுக்குவது, வாய்க்கால் அடைப்பை எடுப்பது, வளைவுச் சுவருக்கு வெள்ளையடிப்பது. அடிவாரத்திலிருந்து மேலே வர எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை. எங்கள் வீட்டில் கிழமையைவிட வளைவு நம்பர்தான் அதிகம் பேசுவோம். “இன்னிக்கு முப்பத்தெட்டு” என்று அப்பா சொல்லிவிட்டுப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார் என்று அர்த்தம். “அறுபத்தாறு” என்றால் அம்மா மத்தியானத்துக்கே உலை வைப்பாள்.

அப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சட்டமும் ரோட்டுச் சட்டம்தான். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிற வண்டி ஓரங்கட்டி நிற்க வேண்டும். ஏறுகிற வண்டி நடுவில் நின்றால் மறுபடி கிளம்பமாட்டாமல் பின்னால் உருளும், அதனால். லாரியோ, காரோ, கலெக்டர் ஜீப்போ, யாராக இருந்தாலும் இதுதான். பூமியில் இதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவும் அக்காவும்கூட அப்படித்தான்.

புத்தகம் எப்படி வரும் என்று சொல்ல வேண்டும். பால்வெளிப் படகு மாதம் ஒன்று என்றெல்லாம் கணக்கு வைத்து வராது. சில சமயம் ரெண்டு மாதம், சில சமயம் நாலு மாதம். வந்தால் கீழே பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கும். எங்கள் மத்தியான பஸ்ஸின் கண்டக்டர் அதைப் பார்த்ததும் வாங்கி, காக்கிச் சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு வருவார். எழுபது வளைவு ஏறி வருவதற்குள் அட்டை அவர் வயிற்றின் வளைவுக்கு வளைந்திருக்கும். பிரித்தால் டீசலும் வெற்றிலையும் வாசமடிக்கும். எல்லாப் புத்தகமும் அப்படித்தான் வாசமடிக்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போதும் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றால் எனக்கு எதையாவது படிக்க வேண்டும்போல் இருக்கும்.

கதை இதுதான். சூரிய வெளிச்சத்தைப் பாயில் பிடித்து நட்சத்திரங்களுக்கு நடுவே போகிற ஒரு படகு. அதற்கு ஒரு தலைவி. இடது கையில் ஆறு விரல். அவளோடு சேர்த்து ஏழு பேர். எட்டாவது ஆள் இயந்திரம். அதன் தலை கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி இருக்கும், பெயரும் கிண்ணம். பேசாது. சந்தோஷம் வந்தால் தலையில் ‘டங்’ என்று தட்டிக்கொள்ளும். துரத்துகிறவன் சாம்பல் ராஜா. அவ்வளவுதான். ஆனால் எங்களுக்கு அது போதும். என்னிடம் ஒன்றிலிருந்து பதினொன்று வரை இருந்தது. பிஸ்கட் தகரப் பெட்டியில் வைத்திருந்தேன். பதினோராவது புத்தகத்தின் கடைசிப் படத்தில் படகு சனிக் கிரகத்தை நோக்கி மேலே ஏறுகிறது. எதிரே சாம்பல் ராஜாவின் கப்பல் இறங்கி வருகிறது. ரெண்டும் முட்டப்போகிறது. தொடரும்.

அந்த வருஷ மழையில்தான் பன்னிரண்டு வர வேண்டும். வந்தது மழை மட்டும்.

அக்காவுக்குப் பல் வலி. அம்மாவோடு கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுச் சாயங்காலம் கடைசி பஸ்ஸில் திரும்பினாள். அதற்குப் பிறகு பத்து நாள் ரோடு அடைத்துக்கொண்டது. கீழே பஸ் ஸ்டாண்டுக் கடையில் பன்னிரண்டு வந்திருக்கும் என்று எங்களுக்கு எப்படியோ தோன்றிவிட்டது. நாங்கள் ஐந்து பேர், நானும் பள்ளிக்கூடத்தில் எங்களோடு நடக்கிற நாலு பேரும், அவள் திரும்புகிற அந்தச் சாயங்காலமே மழையில் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் நின்றோம். நாலு பேரில் கடைசி, தபால்காரர் மகள். ஒண்ணாவது படிக்கிறவள். அக்கா இறங்கினாள். கன்னம் பூரி மாதிரி வீங்கியிருந்தது.

“அக்கா, பன்னண்டு வந்துருச்சாக்கா?”

தலையை ஆட்டினாள்.

“வாங்குனியா?”

“இல்ல.”

“படிச்சியா?”

அக்கா எங்கள் ஐந்து மூஞ்சியையும் பார்த்தாள். “ம்ம். பஸ் எடுக்கறதுக்குள்ள நின்னுக்கிட்டே படிச்சேன்.”

“சொல்லுக்கா! முட்டுச்சா?”

“பல்லு வலிக்குதுடா. நாளைக்கு.”

மறுநாள் ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துக்கு அரை மணி நேர நடை. உரச்சாக்கின் ஒரு மூலையை இன்னொன்றுக்குள் திணித்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு போவோம். சாக்கின்மேல் மழை அடிக்கிற சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் ஆறு பேரும் தலையோடு தலை முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு, ஒரே மிருகம் மாதிரி பன்னிரண்டு காலில் நடப்போம். சாக்குக்குள் யூரியா வாசம், ஈர முடி வாசம், யாரோ மென்ற கொய்யாக்காய் வாசம். நடுவில் அக்கா குரல்.

அக்கா சொன்ன பன்னிரண்டு இப்படி. சனி எங்கள் மலையைவிட எத்தனையோ உயரம். அவ்வளவு உயரத்துக்கு யாரும் நேராக ஏற முடியாது. அதனால் வானத்திலும் வளைவு இருந்தது. எழுபது. ஒவ்வொரு வளைவிலும் எரிகல்லில் செதுக்கிய நம்பர் பலகை. தலைவி ஹாரன் அடித்துக்கொண்டே படகை ஒடித்துத் திருப்புகிறாள். கிண்ணம் பின்னால் தொங்கிக்கொண்டு விசில் ஊதுகிறது. வண்டி பின்னால் உருளாமல் சக்கரத்துக்குக் கல் வைக்கிறது. படகுக்கு ஏது சக்கரம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சாம்பல் ராஜா மேலிருந்து இறங்கி வருகிறான். அவனிடம் ஆயிரம் பீரங்கி. கிண்ணம் குதித்து இறங்கி, நடுவழியில் சிவப்புத் துணியைக் காட்டி அவனை நிறுத்திவிடுகிறது. ஏறுகிற வண்டிக்குத்தானே வழி? சாம்பல் ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு ஓரங்கட்டி நிற்கிறான். படகு அவனை உரசிக்கொண்டு போகிறது. அடுத்த வளைவில் அவன் படை. அதற்கு அடுத்ததில் அவன் மாமியார்.

புத்தகம் மொத்தமே முப்பத்திரண்டு பக்கம். பஸ் கிளம்புவதற்குள் நின்றபடி படித்தது. அக்கா அதை நாற்பது நாள் சொன்னாள். ரோடு திறந்த பிறகு கண்டக்டர் கேட்டபோது கடையில் பன்னிரண்டு தீர்ந்துபோயிருந்ததாம். எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. நல்ல புத்தகம் அப்படித்தான் நீளமாக இருக்கும் என்று நினைத்தோம்.

இந்த இடத்தில் பாறை விழுந்த சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை அக்கா நாற்பத்தொன்பதாவது வளைவில் கதையை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். எங்களால் தாங்க முடியவில்லை. கூடப் படிக்கிறவன் ஒருத்தன் அன்றைக்குக் கதைக்கு வரவில்லை. அவனுக்குத் தெருக்கோடியிலிருந்து கத்திச் சொன்னேன். “டேய்! நாப்பத்தொம்பதுல பாறை உருண்டுருச்சுடா! வண்டி மாட்டிக்கிச்சு! உள்ள எட்டுப் பேரு!”

ரேஷன் கடையில் எடை போடுகிறவர் அதைக் கேட்டார். கேட்டவர் கேட்ட கையோடு ஓடினார். அடுத்த கால் மணி நேரத்தில் அப்பாவும் இன்னும் நாலு பேரும் கடப்பாரை, கயிறு, விளக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் லாரியில் இறங்கிவிட்டார்கள். நாற்பத்தொன்பதில் போய்ப் பார்த்தால் சுவர்மேல் ஏழெட்டுக் குரங்கு நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. நம்பர் தப்பாக இருக்கும் என்று முப்பது வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்தார்கள்.

அப்பா சொட்டச் சொட்ட வாசலில் நின்றார். “எங்கடா பாறை?”

தபால்காரர் மகள்தான் சொன்னாள். “சனிக்கு இந்தப் பக்கமுங்க.”

“சனிக்கிழமையா?”

“இல்லீங்க. சனிக்குப் போற வழியிலீங்க. படகு மேல விழுந்துருச்சுங்க.”

அப்பா உள்ளே போய்த் தகரப் பெட்டியை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். “புத்தகம் படிச்சுப் படிச்சுப் பொய் சொல்லக் கத்துக்கிட்டீங்க.” அம்மா அக்காவைப் பார்த்து, “எல்லாம் இவ வாயால வந்தது” என்றாள். ரெண்டு பேரும் அன்றைக்குத் தப்பாகத்தான் புரிந்துகொண்டார்கள். புத்தகம் கிடைக்காத இடத்தில் பிறந்த கதை அது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே. ஆனால் ஒன்று. எட்டு நாள் கழித்து அப்பா தலைதுவட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், “அந்தப் படகு நாப்பத்தொம்பதைத் தாண்டுச்சா?” என்று கேட்டார். தாண்டிவிட்டது என்றேன். “கல்லை எப்படி ஒதுக்குனாங்க?” “கிண்ணம் கடப்பாரை போட்டு நெம்புச்சுங்கப்பா.” “ம். எந்தப் பக்கமா நெம்புச்சு?” “பள்ளத்துப் பக்கம்.” “அப்படித்தான் நெம்பணும்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இறக்கிக் கொடுத்தார்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் கீழேயிருந்து சின்னம்மா பையன் வந்தான். என்னைவிட ஒரு வயசு மூத்தவன். அண்ணன் என்று கூப்பிட வேண்டும். மிளகு பறிக்கிற காலம். வாசலெல்லாம் பாயில் மிளகு காய்ந்தது. நடந்தால் காலில் ஒட்டும், மூக்கில் ஏறும். நாங்கள் ஆறு பேரும் கோழி விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணன் வந்ததும் வராததுமாக, “பன்னண்டு படிச்சீங்களாடா? கிண்ணம் மோசக்காரன்னு தெரிஞ்சுபோச்சே!” என்றான்.

எல்லோரும் அவனைப் பார்த்தோம்.

“என்னது?”

“அது ஆரம்பத்துல இருந்தே சாம்பல் ராஜாவோட ஆளு. உளவு பாக்கத்தான் படகுல இருந்துச்சு. தலைவி கண்டுபிடிச்சு நெருப்புல தூக்கிப் போட்டுட்டா. படம் வரையறவங்களே இப்ப வேற ஆளுங்க. அட்டையிலயே ‘புது வரிசை’ன்னு போட்டிருக்கு. இனிமே இதுதான் கணக்கு. பழசு பதினொண்ணும் செல்லாது.”

“போடா! பன்னண்டுல கிண்ணந்தான் படகைக் காப்பாத்துச்சு. எழுவது வளைவுலயும் விசில் ஊதி.”

“வளைவா? வானத்துல ஏதுடா வளைவு?”

“அப்பறம் நேராவா ஏறுவாங்க? உங்க ஊர்ல மலையே இல்ல, உனக்கு என்ன தெரியும்?”

“ஏன்டா, ராக்கெட்டு நேராத்தான்டா போகும்!”

“அதான் பாதி ராக்கெட்டு கீழ விழுந்துருது!” என்றான் எங்களில் ஒருத்தன். நாங்கள் ஓ என்று கத்தினோம். கோழி மிளகுப் பாயில் ஏறி நடந்ததை யாரும் பார்க்கவில்லை.

சண்டை ரெண்டு நாள் நடந்தது. சோறு தின்னும்போது, தண்ணிக்குப் போகும்போது, பலா மரத்தடியில், எல்லா இடத்திலும். அண்ணன் ஒரே ஆள், நாங்கள் ஐந்து. ஆனால் அவன் சளைக்கவில்லை. அக்கா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாததை நான் கவனிக்கவே இல்லை. பேசத் தேவையில்லை, அவள்தான் படித்தவளாயிற்றே என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் பந்தயம் கட்டினோம். பொங்கலுக்கு மறுநாள் சித்தப்பா அவனைக் கூட்டிப் போக வருவார். வரும்போது பன்னிரண்டைக் கொண்டுவரச் சொல்லிக் கண்டக்டரிடம் சொல்லியனுப்புவது. அதில் வளைவு இருந்தால் புத்தகம் எனக்கு. இல்லாவிட்டால் என் தகரப் பெட்டி, பதினோரு புத்தகத்தோடு, அவனுக்கு.

“செல்லாத புத்தகம்னு சொன்னியே, அதை வெச்சு என்ன பண்ணுவே?” என்று கேட்டேன். அவன் முட்டியைச் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தான். அவனிடம் ஒன்றிலிருந்து ஐந்து வரை கிடையாது. கிண்ணம் முதல்முதலில் வருவது நாலாவதில்.

பொங்கலன்று காலையில் குழாயடியில் அக்கா என்னைத் தனியாகப் பிடித்தாள். பனி இறங்கிப் பக்கத்துக் குடம் தெரியவில்லை.

“டேய், பந்தயம் வேண்டாம்னு சொல்லிரு.”

“ஏன்? நாமதான ஜெயிக்கப்போறோம்?”

“வளைவு இல்லாட்டி?”

“நீதான படிச்ச?”

அக்காவின் குடம் நிறைந்து வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை. “படிக்கலடா. அட்டையத்தான் பாத்தேன். மேல கயித்துல தொங்குச்சு, எட்டல. கடைக்காரரைக் கேக்கறதுக்குள்ள பஸ்சு ஹாரன் அடிச்சுட்டாங்க.”

“அப்பறம் ஏன் படிச்சேன்னு சொன்ன?”

“நீங்க அஞ்சு பேரும் மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னீங்க. இல்லைன்னு சொல்ல வாய் வரல.” பிறகு சின்னக் குரலில், “அதுங்களுக்குத் தெரிஞ்சா இனி எங்கூட நடக்கவே நடக்காதுங்க. நான் எதைச் சொன்னாலும் பொய்யிம்பாங்க” என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் என் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குப் பொங்கலில் முந்திரி இருந்ததா என்றுகூட ஞாபகமில்லை. பெட்டியைத் திறந்து பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பந்தயத்தை விட்டால் ஏன் விட்டாய் என்று அண்ணன் துருவுவான், அக்கா மாட்டிக்கொள்வாள். விடாவிட்டால் பெட்டி போய்விடும். திரும்பத் திரும்ப யோசித்தேன். மூன்றாவது வழி எதுவும் கிடைக்கவில்லை. சாயங்காலம் அக்காவிடம் போய், “நீ பேசாம இரு. நான் பாத்துக்கறேன்” என்றேன். அவள் அழுதாள். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் மத்தியான பஸ் வந்தது. சித்தப்பா கரும்போடு இறங்கினார். அண்ணன் அவர் பையைப் பிடுங்கிப் புத்தகத்தை எடுத்தான். பளபளவென்று அட்டை. வயிற்றோடு ஒட்டி வராததால் வளையாமல் நேராக இருந்தது. டிரைவர் டீ குடிக்கிற பெஞ்சில் வைத்துப் பிரித்தான். எல்லோரும் குனிந்தோம்.

வளைவு இல்லை. படகு நேராகப் போகிறது. பாயைக்கூடக் கழற்றிவிட்டு மூன்று நெருப்புக் குழாய் வைத்திருந்தார்கள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் தலைவி கிண்ணத்தைப் பிடித்து, “நீ முதல் நாளிலிருந்தே சாம்பல் ராஜாவின் ஆள்!” என்று நெருப்பில் எறிகிறாள். எண்ணிப் பார்த்தேன். கைக்கு ஐந்து விரல்தான் போட்டிருந்தார்கள்.

தபால்காரர் மகள் ஊரைக் கூட்டுகிற மாதிரி அழ ஆரம்பித்தாள்.

டிரைவர் டம்ளரோடு திரும்பினார். “என்ன சாமி, ஏன் அழுவற? யாருக்கு என்னாச்சு?”

“கிண்ணம் செத்துப்போச்சுங்க!”

“அடப்பாவமே. எந்த ஊட்டுக் கிண்ணம்?”

ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொன்னோம். அவர் புத்தகத்தை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். “இந்த வண்டி ஏறுதா, இறங்குதா?”

“ஏறுதுங்க.”

“எதுக்க வாரவன்?”

“இறங்கறானுங்க.”

“அப்ப இறங்கறவன்தான நிக்கோணும்? இவன் என்ன, ஏறுற வண்டிமேல வந்து உடறான்?” டிரைவருக்கு நிஜமாகவே கோபம். “இதை வரைஞ்சவன் மலை ரோட்டையே பாத்ததில்ல.”

“ஏனுங்க, வானத்துல ஏதுங்க ரோடு?” என்றார் கண்டக்டர்.

“ரோடு இல்லாமயா ரெண்டு வண்டி எதிர எதிர வந்துச்சு?”

டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அண்ணன்கூடச் சிரித்துவிட்டான். ஆனால் பந்தயம் பந்தயம்தானே. நான் பெட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். “தோத்துட்டேன். எடுத்துக்க. அக்கா சரியாத்தான் சொன்னா. நாந்தான் காதுல சரியா வாங்காம மாத்திச் சொல்லிட்டேன்.”

மீதி நாலு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கதையை அவர்களும்தானே நாற்பது நாள் கேட்டார்கள்? என் பொய் அரை நிமிஷம் தாங்கவில்லை.

“அவன் மாத்தலை,” என்றாள் அக்கா. பஸ்ஸின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நான் புத்தகம் படிக்கவே இல்ல. வளைவு, சிவப்புத் துணி, மாமியார், எல்லாம் நானாச் சொன்னது. தெனமும் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சு மறுநா சொன்னேன்.”

கண்டக்டர் டிக்கெட்டுக் கட்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். அக்கா காது நுனி சிவந்திருந்தது. தபால்காரர் மகள் மூக்கைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவளை அண்ணாந்து பார்த்தாள்.

“அப்ப உங்களுக்கு பஸ்சே வர வேண்டாங்களா?”

“எதுக்கு?”

“அடுத்த கதைக்கு.”

அக்காவுக்குச் சட்டென்று புரியவில்லை. மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. “ஆமாக்கா! மழை வந்தாலும் பரவால்லையா?” “ரோடு அடைச்சுக்கிட்டாலும் வருமா?” “அப்ப நாளைக்கே சொல்றியா?” “கிண்ணத்துக்கு ஒண்ணும் ஆகலையில்ல? உன்னுதுல ஆகலையில்ல?” நாலு பேரும் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அக்கா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள்.

பஸ் கிளம்பியது. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து என் தகரப் பெட்டியை மடியில் வைத்திருந்தான். என்னவோ கேட்க வாயைத் திறந்தான், கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அந்தப் பெட்டியை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. சித்தப்பா வீடு மாற்றிக் கட்டியபோது கரையான் தின்றுவிட்டது என்று பின்னால் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வருவதற்கு நேரமில்லை. எனக்குப் பின்னால் அவர்கள் பதிமூன்றாம் கதையில் எரிகல் வைக்கலாமா, ரெண்டு மாமியார் வைக்கலாமா என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் போகாவிட்டால் தப்பாக முடிவு பண்ணிவிடுவார்கள்.

அடுத்த வாரம் கண்டக்டர் காக்கிச் சட்டைக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றி, சணலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, ஏழெட்டு முடிச்சுப் போட்டிருந்தது. மேலே ஒரு கடுதாசி செருகியிருந்தது. பென்சில் எழுத்து. பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டானோ என்று ஒரு கணம் எனக்கு ஆசை வந்தது. பொட்டலம் அதற்கு ரொம்பச் சின்னது. அக்கா சத்தமாகப் படித்தாள்.

“அக்காவுக்கு. பதிமூணு வந்துருச்சு. இதுக்குள்ள இருக்கு. நான் இன்னும் படிக்கலை. எங்கிட்ட இருந்தால் படிச்சுப்போடுவேன், அதனால அனுப்பிட்டேன். நீங்க உங்க பதிமூணைச் சொல்லி முடிச்ச பிறகு இதைப் பிரிச்சால் போதும். சொல்றதைத் தாளில் எழுதிக் கண்டக்டர்கிட்டக் கொடுத்து விடுங்க. ரெண்டுல எது நெசம்னு நான் கேக்க மாட்டேன். கிண்ணத்தை மட்டும் தூக்கிப் போட்டறாதீங்க.”

அக்கா அதை இன்னொரு தடவை மனசுக்குள் படித்தாள். பிறகு என் கணக்கு நோட்டின் நடுவிலிருந்து நாலு தாளைக் கேட்காமலே கிழித்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். சணல் முடிச்சில் ஒன்றைக்கூட அவிழ்க்கவில்லை. பொட்டலத்தை அப்படியே மடியில் வைத்து, அதன்மேல் தாளைப் போட்டு எழுத ஆரம்பித்தாள். எழுத நல்ல கெட்டியாக இருந்தது.